ஏழாம் குமிழின் டிராக்டர்

காலை ஆறு மணி, ஏழாம் குமிழின் பயிர்களுக்குப் புகை ஊட்டும் நேரம். நிலவின் தென்துருவத்தில், காற்றடைத்த இந்தக் குமிழ்களுக்குள், கரியமில வாயுவுக்குப் பஞ்சம். அதனால் பாசி எண்ணெயில் ஓடும் டீசல் டிராக்டரின் புகையை வடிகட்டிக் குழாய் வழியே பாத்திகளுக்கு விட்டார்கள். பயிர் விட்ட ஆக்சிஜனை இன்ஜின் குடித்தது. இன்ஜின் விட்ட புகையைப் பயிர் குடித்தது. நடுவே முந்நூறு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று புகை பாதியில் நின்றது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டதும், பயிர்ப் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி இன்ஜினை அணைத்தாள். மூன்று நாட்களாக இதே கதை. கால் மணி நேரம் உழுதால் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டியிருந்தது. நிலவின் முதல் நெல் நாற்றோ தட்டுகளில் முப்பது நாளைத் தாண்டி முற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் சேறடித்து நட்டாக வேண்டும். இல்லையென்றால் குமிழைப் பாசித் தொட்டிகளுக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்த நெல்லுக்காக அவள் நான்கு ஆண்டுகள் போராடியிருந்தாள்.

குமிழின் பொறியாளன் இருதயராஜ் முறையாகவே சோதித்தான். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. வைத்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நீர் மட்டம் சரி. விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான்; அளவாக இறங்கியது. சூடேறினால் திறந்து நீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுநீரில் போட்டான், வாய் திறந்தது. நீர் பம்ப்பிலும் குறையில்லை.

"இன்ஜின் பிளாக்லயே விரிசல் இருக்கும்க்கா. பூமிலேருந்து வேற வரணும். மூணு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள நாத்து வைக்கோலா போயிடும், இருதயம்."

நீர் என்பது வெறும் சுமைதூக்கி. இன்ஜினின் சூட்டைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும். அங்கே இறக்கி வாங்கிக்கொள்வது காற்று. அந்தக் காற்றை யாருமே சோதிக்கவில்லை என்பது அப்போதுதான் அரசிக்கு உறைத்தது. இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, முன்வலைக்கு எதிரே ஒரு கந்தல் துணியைப் பிடித்து, கையை எடுத்தாள். விசிறி அதை இழுத்து வலையோடு ஒட்டவைக்க வேண்டும். துணி, நிலவுக்கே உரிய சோம்பலுடன், மெல்லத் தரையிறங்கியது.

வலையைக் கழற்றினார்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்து, இலைத்தூள் ஒட்டி, கல்லாக இறுகியிருந்தது. நடுநடுவே குங்குமம்.

இருவரும் பேணியைத் திரும்பிப் பார்த்தார்கள். பேணி என்பது டிராக்டரைப் பராமரிக்கும் எந்திரன்.

"என்ன இது?" என்றாள் அரசி.

"பொட்டு. சூடு ஏறும்போதெல்லாம் ஒன்று வைத்தேன். இதுவரை நாற்பத்தொன்று."

பூமியில் எடுத்த எழுபது ஆண்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் அது பராமரிப்பைக் கற்றிருந்தது. ஆயுத பூஜையன்று டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு வண்டி சூடேறுவதில்லை. புள்ளிவிவரம் துல்லியமாக ஒத்துப்போனது. சந்தனம் கிடைக்காததால் பேணி களிமண்ணில் மஞ்சளைக் குழைத்தது. சூடு இறங்கும் இடத்திலேயே வைத்தால் பலன் கூடும் என்றும் முடிவு செய்துகொண்டது.

"பொட்டு வைக்கிறதுக்கு முந்தி வண்டிய நல்லா கழுவுவோம்ல," என்றாள் அரசி. "ரேடியேட்டர்ல தண்ணி அடிச்சு, தூசியெல்லாம் எடுத்துட்டுத்தான வைப்போம்."

பேணி தன் நினைவகத்தில் தேடியது.

"பொட்டும் மாலையும் இரண்டு லட்சம் படங்களில் உள்ளன. கழுவுவது பதினொன்றில் மட்டுமே. நீங்கள் அதைப் படம் எடுப்பதே இல்லை."

அரசியும் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

தூசி நுழைந்த வழியே வெளியேற வேண்டும் என்பதால், தண்ணீரைப் பின்பக்கமிருந்து முன்னோக்கி, தகடுகள் மடங்காதபடி மெல்லப் பாய்ச்சினார்கள். மஞ்சள் நீர் வழிந்தோடியது. இன்ஜினைக் கிளப்பியதும் முள் பாதிவரை ஏறி, அங்கேயே நின்றது. நான்கு மணிக்குச் சேறடித்து முடிந்தது.

நடவைப் பார்க்கக் குமிழே திரண்டு வந்தது. நிர்வாக அதிகாரி வரப்பை விட்டு இறங்காமலேயே ஒரு நாற்று முடியைப் பிடித்துச் சிரித்தார். எல்லோருடைய கேமராக்களும் அவரையும் பச்சை நாற்றையும் சுற்றின. அரசியைக்கூடக் கரையேற்றி மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் பேணி சேறு அப்பிய டிராக்டரைக் கழுவத் தயாரானது. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பேணி சற்று நேரம் காத்திருந்தது. பிறகு தன் கேமராக் கண்களில் ஒன்றைக் கழற்றி வரப்பில் வைத்து, ரேடியேட்டர் நன்றாகத் தெரியும்படி திருப்பிவிட்டு, குழாயைக் கையிலெடுத்தது.