மேல்வரிசை

சமையலறை மேசையில் யாரோ ஒரு வாய் கடித்துவிட்டு வைத்திருந்த ஆப்பிளைக் காலையில் பார்த்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடித்ததை முடிக்காமல் வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. எடுத்துக் குப்பையில் போடப் போனவள், கடித்த இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

மற்றவர்கள் முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வார்கள். அவளுக்கு வாய் போதும். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில், நோயாளிகளின் பல் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, பல் செட் செய்வது அவள் வேலை. எதிரே வருகிறவர் நலம் கேட்டால் யாரென்று தெரியாமல் விழிப்பாள்; அவரே வாய்விட்டுச் சிரித்தால், 'ஓ, கடைவாய்ப்பல் போனவரா' என்று குடும்பத்தையே விசாரிப்பாள்.

அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அவனுக்கு ஒரு சந்து உண்டு. எதைக் கடித்தாலும் நடுவில் மெல்லிய வரப்பு ஒன்று மிஞ்சும். 'சரி', 'சாவி', 'சாப்பாடு' என்று எதைச் சொன்னாலும் கூடவே பொடி விசில் ஒன்று கிளம்பும். அந்த விசிலுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டோம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதுதான் நிஜம்.

ஆப்பிளில் வரப்பு இல்லை. இடது ஓரத்தில் மட்டும், கோரைப்பல் முறுக்கிக்கொண்டு முளைத்தவன் கடித்தால் விழுகிற மாதிரி, ஆழமாக ஒரு குழி.

அந்தக் குழி அவளுக்குத் தெரிந்த குழி.

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரன், கல்யாணத்துக்கு வெகு முன்னால் உடைந்த பல்லோடு மருத்துவமனைக்கு வந்தவன். கடிகாரம் பழுதுபார்க்கிறவன். பல் சரியான பிறகும் வந்துகொண்டே இருந்ததால் டாக்டரம்மா அவனுக்குப் 'பசை' என்று பெயர் வைத்தார். அவனும் ஏதோ பட்டம் கிடைத்ததுபோல அதை ஏற்றுக்கொண்டான். உயிர்களைப் படைக்கும்போதே வாயைப் போல இரண்டாகப் பிளந்துதான் அனுப்புகிறார்கள், ஒருத்தருக்கு மேல்வரிசை, இன்னொருத்தருக்குக் கீழ்வரிசை, இரண்டும் ஒருநாள் சேர்ந்தே தீரும் என்பது அவன் கட்சி. நாள் முழுக்கப் பல்லோடு கிடக்கிறவளுக்கு அது கேட்க இதமாகத்தான் இருந்தது. கொஞ்ச காலம் அவளும் நம்பினாள்.

பிறகு அவன் தனக்குப் பசித்தால் அவளைச் சாப்பிடச் சொன்னான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தானும் போர்த்திக்கொண்டு படுத்தான். அவள் வேறு யாரோடாவது பேசிச் சிரித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நீ சிரித்தால் எனக்குப் பல் வலிக்கிறது என்றான். பொய் வலி இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும். அதுதான் அவளை விரட்டியது. இனி வராதே என்று சொன்னபோது அவன் சண்டை போடவில்லை.

"நான் எதுக்கு வரணும்? மேல்வரிசை என்னைக்காவது அசைஞ்சிருக்கா? கீழ்வரிசைதான் அதுகிட்ட வரும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். தாடை அப்படித்தான் வேலை செய்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவனும் அதற்குப் பிறகு வரவே இல்லை. அவனுடைய அச்சு மட்டும் பின்னறை அலமாரியில் தங்கிவிட்டது. மேல்வரிசை மட்டும். முன்பு கீழ்வரிசைக்கு அச்சு எடுக்கப் போனபோது அவன் வாயை மூடிக்கொண்டு, அது உன்னிடம்தான் இருக்கிறது என்று சைகை காட்டினான். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆப்பிளைப் பற்றிக் கேட்டதற்கு, நான் சாப்பிடவில்லை என்று கணவன் விசிலோடு சொன்னான். அவனுடைய தங்கை, தான் இளைப்பதற்காக ஆப்பிளைக்கூட விட்டுவிட்டதாகச் சொல்லி, ஆப்பிள் போன துக்கத்தில் ஒரு பன்னை எடுத்துக்கொண்டாள்.

அன்று மருத்துவமனையில் டாக்டரம்மா கையுறையை உரித்தபடி, மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் சொன்னார்:

"உன் பசை போயிட்டானாம்மா. தூக்கத்துலயே. மத்தவங்களுக்கு வாய் திறந்துக்கும், கட்டி வைப்பாங்க. இவனுக்குத் திறக்கவே முடியலையாம். அப்படி இறுகிக் கிடந்துச்சாம்."

அதற்குப் பிறகு வீட்டில் கடிவாய்கள் பெருகின. ரொட்டியின் ஓரத்தில். பென்சிலின் முனையில். குளியலறையில், இன்னும் ஈரம் காயாத சோப்பின் மேல். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் அதே குழி. கதவிடுக்குகளிலிருந்து கிராம்பு எண்ணெயும் கடிகார எண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது. ஜன்னலைத் திறந்தால் போகாமல், திறந்தவளின் துணியில் ஏறிக்கொண்டு அவளோடு அறை அறையாக நடந்தது. படுத்த பிறகு, பக்கத்தில், அதுவரை ஒருநாளும் பல்லைக் கடிக்காத கணவன் தூக்கத்தில் நறநறவென்று கடித்தான். கல்லுக்கு அடியில் எதையோ வைத்து, அவசரமே இல்லாமல் அரைக்கிற சத்தம்.

பொறுக்க முடியாமல், சிநேகிதிக்கு நடந்தது என்று நாத்தனாரிடம் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகு அண்ணி. செத்தும் விடாத பந்தம். எனக்கெல்லாம் உயிரோட இருக்கிறவனே ரெண்டு வாரத்துக்கு மேல தாங்கறதில்ல."

"விடாமப் பிடிக்கிறது நாயும்தான் பிடிக்குது."

"போங்க அண்ணி, உங்களுக்கு எல்லாத்துலயும் பல்லுதான்."

அவள் சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. கணவன் அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே வந்தான். வாசற்படியிலேயே நின்றான். கை மெதுவாகக் கன்னத்துக்குப் போனது.

"சிரிக்காத. நீ சிரிச்சா எனக்குப் பல் வலிக்குது."

விசில் இல்லை.

டார்ச்சை எடுத்து வந்து, வாயைத் திறங்க என்றாள். அவன் குழந்தை மாதிரி திறந்தான். சந்து இல்லை. மேல் முன்பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இடது கோரைப்பல் முறுக்கியிருந்தது. உள்ளிருந்து கிராம்பு வாடை.

இது எப்போதிலிருந்து என்று கேட்டாள். எப்பவும் இப்படித்தானே இருக்கிறது என்றான். தங்கையும் எட்டிப் பார்த்து, ஆமாம், அண்ணனுக்கு எப்பவும் இப்படித்தான் என்றாள். பொய் சொல்கிற முகங்கள் இல்லை.

மறுநாள் விடுமுறை. மருத்துவமனையின் சாவி அவளிடம் இருந்தது. மத்தியான வெயில் பின்னறைக் கண்ணாடியில் வெள்ளையாக நின்றது. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள், எல்லாம் கொஞ்சம் திறந்தபடி. முன்பு ஒருமுறை கணவனுக்கு எடுத்த அச்சைத் தேடி எடுத்தாள். சந்து இருந்தது. விரல் நகத்தை அதில் வைத்துப் பார்த்தாள். தனக்குப் பைத்தியம் இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. பைத்தியமாக இருந்திருந்தாலாவது மாத்திரை உண்டு.

மேல்தட்டின் மூலையில் பசையின் மேல்வரிசை. அதன் மேல் மட்டும் தூசி இல்லை. அதை மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"அவரை விட்டுடு," என்றாள். "அவருக்கு உன்னத் தெரியவே தெரியாது. உனக்கு வேண்டியது நான்தானே."

அது அசையவில்லை. மேல்வரிசை என்றைக்கு அசைந்தது?

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பல் அச்சு எடுக்கிற மாவைக் குழைத்தாள். அச்சுத் தட்டில் நிரப்பித் தன் கீழ்ப்பற்களின் மேல் அழுத்தினாள். புதினா வாசம், தொண்டையில் குமட்டல். இறுகியதும் எடுத்தாள். பிளாஸ்டர் ஊற்றிக் காத்திருந்தாள். இறுகும்போது பிளாஸ்டர் சுடும், பிறகு ஆறும். இது ஆறவில்லை. உடம்புச் சூட்டிலேயே நின்றது.

தன் கீழ்வரிசையைக் கையில் எடுத்து, அவன் மேல்வரிசைக்குக் கொண்டுபோனாள்.

டக்.

இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடுவே ஒரு கோடு வெளிச்சம்கூட வரவில்லை. பிரிக்க இழுத்தாள். பிரியவில்லை.

போன் அடித்தது. கணவன். காதில் வைத்தாள்.

"எங்க இருக்க? சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவியா?"

விசில். 'சாயங்காலம்', 'சீக்கிரம்' இரண்டிலும், கூண்டிலிருந்து வெளியே விட்ட பறவைபோல, அந்தப் பொடி விசில். விட்டுவிட்டது. அவனை விட்டுவிட்டது. அவள் அழுதாள். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

உதடுகள் திறந்தன. பற்கள் டக்கென்று சேர்ந்துகொண்டன.

பேசுவதற்காக முன்னால் வந்த நாக்கு நடுவில் மாட்டியிருந்தது.

மேசையில் கிடந்த, பல் பார்க்கிற வாய்க் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்ன வட்டம். கீழே அவள் பற்கள். மேலே அவள் பற்கள் இல்லை. இடது ஓரத்தில் கோரைப்பல் முறுக்கியிருந்தது.

மேல்வரிசை அசையவில்லை. கீழ்வரிசைதான், அவள் அசைக்காமலே, மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. மறுபடியும் இறங்கி, ஏறியது. நறநற. அவசரமே இல்லை.

போனில் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"என்ன, தனியா உட்கார்ந்து ரசிச்சுச் சாப்பிடுற போல?"