ஆறு மணிக்குள் நலம்

கூடாரத்தைப் பிரித்தபோது தரையிலிருந்து ஒன்பது முளைகள் வந்தன. அவள் கொண்டுவந்தது எட்டு. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக நறுக்கி எடையைக் குறைத்துக்கொண்டு கிளம்பியவள். பன்னிரண்டு நாளாக முதுகில் சுமக்கிற சாமானில் ஒன்று கூடினால் தெரியாமல் போகுமா? ஒன்பதாவது துருப்பிடித்திருந்தது, தலைமாட்டுப் பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. முன்னால் தங்கிய யாரோ விட்டுப்போனது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அதில் அவளுடைய கூடாரக் கயிறு கட்டியிருந்தது.

பத்து மணிக்கு வனச் சோதனைச்சாவடி வந்தது. காவலர் பதிவேட்டை நகர்த்தினார்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கம்மா."

"நான் தனியாத்தான் வரேன்."

அவர் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தார். "சரி, விடுங்க. ராத்திரி எங்க தங்கறீங்க?"

"ஏரிக்கரையில."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பூட்ஸில் ஈரச் சேறு. சாவடியிலேயே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சேறு ஏது?

ஏரிக்கு இறங்காமல் மேட்டுப் பாதையில் ஏறினாள். சருகு நொறுங்கும் தன் காலடி, பையின் பட்டை உரசும் ஓசை, தண்ணீர்ப் புட்டியின் குலுக்கல், இவற்றுக்கெல்லாம் அடியில் அரை நொடி பிந்தி இன்னொரு சருகு நொறுங்கிக்கொண்டே வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நனைந்த கம்பளியின் வாடை வேறு. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அந்தக் காவலர்தான் ஒளிந்து ஒளிந்து வருகிறார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வானம் தெரிந்தால்தான் வேலை செய்யும் என்பதால் செயற்கைக்கோள் கருவியைப் பையின் பின்பக்கம், உச்சியில் மாட்டியிருந்தாள். நடைபயணிகள் எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். அதில் இரண்டு பொத்தான்கள்: நலம், ஆபத்து. தினமும் ஆறு மணிக்குள் நலம் வராவிட்டால் அண்ணன் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு. ஆபத்தை அமுக்கலாம்தான். 'ஒரு ஆணிக்காகவா ஹெலிகாப்டரை வரவழைச்சே?' என்று ஆயுசுக்கும் ஓட்டுவான். அதனால் இன்றைக்கு நலத்தை அமுக்காமலே விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஆளும் வருவார்கள், மானமும் போகாது.

ஐந்தே முக்காலுக்குக் கைபேசி அதிர்ந்தது. கருவி வழியாக அண்ணனின் செய்தி.

"நலம் வந்துருச்சு. இன்னிக்கு சீக்கிரமே அமுக்கிட்டியே, சமத்து! நிம்மதியாத் தூங்கு."

மதியத்திலிருந்து பை அவள் முதுகை விட்டு இறங்கவில்லை.

இனி யாரும் வரமாட்டார்கள். ஆபத்துப் பொத்தானுக்காகக் கையைப் பின்னால் வளைத்தாள். எட்டவில்லை. பையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்ப வேண்டும்.

அப்போதுதான் கீழே பார்த்தாள். வெகுதூரத்தில், ஏரிக்கரையில், காவலர். கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். சத்தம் எட்டவில்லை. அவள் முதுகுப் பக்கம் சுட்டிச் சுட்டிக் காட்டினார்.

கம்பளி வாடை பிடரியில் இருந்தது.

தோளில் பையின் பட்டைகள் தளர்ந்தன. பதினொரு கிலோ பையை அடியிலிருந்து யாரோ மெல்ல, அவளுக்கு வலிக்கக் கூடாதே என்பதுபோல, தூக்கிப் பிடித்தார்கள்.