ரிக் வண்டியை நிறுத்திய நித்யஸ்ரீ

அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நித்யஸ்ரீக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

“எங்கம்மா சேலத்துல ஒரு இரும்பு ஆலையில பாதுகாப்பு மேலாளர்,” என்று அவள் சொன்னபோது, “துப்பாக்கி வெச்சிருப்பாங்களா?” என்று கேட்டாள் மலர்விழி. இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

“அந்தப் பாதுகாப்பு இல்லடி. அங்க வேலை செய்யறவங்களுக்கு அடிபடாம பாத்துக்குவாங்க.”

“அடிபட்டா மருந்து போடுவாங்களா?”

“இல்ல. அடியே படாம...”

“அப்ப ஒண்ணுமே நடக்காதே! அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?”

அந்த வேலைக்காகத்தான் இப்போது நித்யஸ்ரீயின் குடும்பமே திருச்செங்கோட்டை விட்டு ஓமன் நாட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு பெரிய துறைமுகத்தில் அம்மாவை அழைத்திருந்தார்கள். அப்பா கணினியில் செய்யும் வேலையை எங்கே இருந்தும் செய்யலாம்.

“அங்க கடல் இருக்குது, அம்மிணி,” என்றார் அப்பா.

“இங்க மலரு இருக்கறா,” என்றாள் நித்யஸ்ரீ.

இனி அவர்களுடைய திருச்செங்கோட்டு வீட்டில் ஜோதி சித்தி தங்கப் போகிறார். சித்தியின் மகன் இனியனுக்கு மூன்று வயது. வீட்டுக் கிணறும் பழைய ஆழ்குழாயும் வற்றிப் போயிருந்ததால், புதிதாக ஓர் ஆழ்குழாய்க் கிணறு போட ஏற்பாடு செய்தார் அப்பா.

சனிக்கிழமை காலை, பூமியில் துளை போடும் ரிக் வண்டி வந்தது. அம்மாவுக்கு அன்று ஆலையில் கடைசி நாள். அவர் விடியும்போதே சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். சித்தியும் இனியனும் முந்தின நாளே வந்திருந்தார்கள்.

வண்டியின் இரும்புக் கம்பம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. தென்னை மரத்தையும் தாண்டி நின்றது. அடுத்து ஒரு பெரும் சத்தம்! தரை அதிர்ந்தது. நித்யஸ்ரீயின் பற்கள்கூடக் கிடுகிடுத்தன. வெள்ளைக் கல்மாவு மேகம்போல எழும்பித் தெருவையே மறைத்தது.

மதியம் அப்பா அவள் காதருகே குனிந்து கத்தினார். “குழி நம்ம மலை உசரத்துக்குக் கீழ போயிருச்சு!”

நித்யஸ்ரீ திருச்செங்கோட்டு மலையை அண்ணாந்து பார்த்தாள். அந்த மலை தலைகீழாகப் பூமிக்குள் இறங்குவதாக நினைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தலை சுற்றியது.

ஆனால் தண்ணீர் வரவில்லை. குழாய்களை வெளியே உருவிவிட்டு, வண்டியைக் கொல்லைப் பக்கம் நகர்த்தினார்கள். முன்வாசலில் தோண்டிய குழியின் வாயில் ஒரு சாக்கை விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்தார்கள். கொல்லையில் மீண்டும் சத்தம் தொடங்கியது. எல்லாரும் அங்கே ஓடினார்கள்.

நித்யஸ்ரீயும் ஓடினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

இனியன் கையில் குழம்புக் கரண்டியோடு முன்வாசலில் நின்றான். “நானும் தண்ணி எடுக்கறேன்!” என்று சொல்லிக்கொண்டே நேராகச் சாக்கை நோக்கி நடந்தான்.

அவள் ஒரே பாய்ச்சலில் போய் அவனை இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். கரண்டி கீழே விழுந்தது. இனியன் வீறிட்டு அழுதான். அவனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் சித்தியிடம் விட்டாள்.

“கதவச் சாத்திக்குங்க சித்தி. இவன வெளிய உடாதீங்க!”

திரும்பி வந்தால், வெளிக்கதவு திறந்து கிடக்கிறது. ரிக் வண்டியை வேடிக்கை பார்க்கத் தெருப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கதவை இழுத்துத் தாழிட்டாள். “அப்பா!” என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆலையில் யார் கையைத் தூக்கினாலும் வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று அம்மா ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கொல்லைக்கு ஓடினாள். வண்டியை நெருங்காமல், அதை இயக்கிக்கொண்டிருந்த பெரியசாமிக்கு நன்றாகத் தெரியும்படி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

பெரியசாமி ‘போ, போ’ என்று கையசைத்தார். அவள் அசையவில்லை. அப்பாவும் ‘இங்கே வா’ என்று சைகை செய்தார். அவள் கைகளை இறக்கவில்லை. தோள்பட்டை வலித்தது. கண்ணில் கல்மாவு விழுந்து உறுத்தியது.

கடைசியில் சத்தம் நின்றது.

“என்ன சாமி ஆச்சு?” என்று இறங்கி வந்தார் பெரியசாமி.

“அந்தக் குழிய மூடிப்போட்டு இந்தக் குழியப் போடுங்க.”

“சாக்குப் போட்டிருக்குதே, கண்ணு!”

“இனியன் அதைத் தோண்டப் போனானுங்க.”

பெரியசாமி முன்வாசலுக்குப் போனார். எல்லாரையும் தள்ளி நிறுத்திவிட்டு, நீளமான மூங்கிலால் சாக்கின் நடுவில் அழுத்தினார். கற்கள் சரிந்தன. கண் இமைப்பதற்குள் சாக்கு காணாமல் போனது.

எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். கீழே விழுந்த சத்தம் வரும், வரும் என்று காத்திருந்தார்கள்.

வரவே இல்லை.

அப்பாவின் கை நித்யஸ்ரீயின் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

“வெல்டிங் பெட்டிய எடுங்கடா,” என்றார் பெரியசாமி. இரும்புக் குழாய் ஒன்றைக் குழிக்குள் இறக்கி, அதன் வாயில் தடித்த இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்த பிறகுதான் அவர் மீண்டும் வண்டியில் ஏறினார்.

சாயங்காலம் அம்மா வந்தார். நடந்ததை அப்பா சொன்னார். உடனே அம்மா கடப்பாரையை எடுத்து மூடியை நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு, பெரியவர்களிடம் நீட்டுவதுபோல நித்யஸ்ரீயிடம் கையை நீட்டினார். நித்யஸ்ரீயும் வெட்கத்தோடு கை குலுக்கினாள். கையை விடத்தான் அம்மாவுக்கு வெகு நேரமானது.

அந்த நேரம் கொல்லையில் ஒரு பெரும் கூச்சல். தண்ணீர்! பூமிக்குள்ளிருந்து சீறிக்கொண்டு கம்பத்தின் உச்சிவரை எழும்பி, எல்லார் தலையிலும் கொட்டியது. “சேறு வழுக்கும், மெதுவா! மெதுவா!” என்று கத்திக்கொண்டே முதலில் நனைந்தவர் அம்மாதான்.

அடுத்த மாதம் ஓமனுக்குப் போனார்கள். ஒரு மாலை, அம்மாவை அழைத்துவர அப்பாவும் நித்யஸ்ரீயும் துறைமுக வாசலுக்குப் போனார்கள். வேலிக்கு அப்பால் ஒரு தெருவே மிதப்பதுபோல ஒரு கப்பல் நின்றது. ராட்சதப் பளுதூக்கிகள் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளைத் தீப்பெட்டிபோலத் தூக்கின.

சங்கு ஊதியது. வாசல் திறந்தது. நித்யஸ்ரீ வாயைப் பிளந்தாள். மஞ்சள் தலைக்கவசம் அணிந்தவர்கள் ஆறு பெருகி வருவதுபோல வந்தார்கள். பல நாட்டு முகங்கள், பல மொழிகள். சிலர் சிரித்தார்கள். சிலர் கைபேசியில் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அம்மா வாசல் ஓரமாக நின்று, கடைசி ஆள் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் இவர்களிடம் வந்தார்.

“எல்லாருமே ஊட்டுக்குப் போறாங்களாம்மா?”

“எல்லாரும், கண்ணு.”

நித்யஸ்ரீ அம்மாவின் தலைக்கவசத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அது அவள் மூக்குவரை இறங்கி மறைத்தது. இருந்தும் அதைக் கழற்றாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.