பின்வாசிப்பவன்

சகாராப் பாலைவனத்துத் தமன்ராசெட் ஊரின் மேற்கு ஓரத்தில், வறண்ட ஆற்றைத் தாண்டியதும் மண்நிறத்தில் ஒரே ஒரு வீடு. அமூத் தன் பழைய வண்டியை அதன் சுவரோரம் நிறுத்தி இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. காற்று கொஞ்சம்கூட இல்லை. சுற்றியிருந்த மலைகள் வெந்த கல்லாய்க் கிடந்தன.

ஊரிலிருக்கும் கல்யாணக் கோஷ்டிகளுக்கெல்லாம் பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி விற்பதுதான் அவன் பிழைப்பு. ஒரு காலத்தில் அவனும் கோஷ்டியில் வாசித்தவன். கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராய் வடக்கே போனார்கள். மனைவி தன் தாய் வீட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டாள். அமூத்துக்கு மிஞ்சியது கடையும், கடைக்குப் பின்னால் ஒரு கட்டிலும்.

கதவைத் திறந்தவள் தஸ்ஸீன். போன புழுதிக்காலத்தில் கணவனை இழந்தவள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"வாங்கண்ணே. டீ அடுப்புல இருக்கு."

உள்ளே நீலச்சாயத் துணியின் வாசம். மெத்தையில், ஒருவர் படுக்கும் இடத்தில், கிட்டார் கிடந்தது. மேலே ஆண்கள் முகத்தில் சுற்றும் நீளத் துணியைப் போர்த்தியிருந்தாள்.

"வாசிச்சுப் பாத்துட்டு வாங்குங்க," என்றாள். "அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது."

அவன் வண்டியிலிருந்து பேட்டரியையும் சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் இறக்கி, ஒயரைச் செருகினான். விரலுக்கு இதமான கழுத்து. கம்பிகள் தேய்ந்திருந்தாலும் சுருதி நின்றது. கல்யாணங்களில் வாசிக்கும் பழைய மெட்டு ஒன்றை எடுத்தான்.

பின்னாலேயே இன்னொரு கிட்டார் வந்தது.

மெல்லிய வாசிப்பு. ஒட்டகத்தின் நடைபோல விடாத தாளம். அமூத் கையை எடுத்தான். அது இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றது.

அறை எதிரொலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டின் கூரையோ நாணல்; எதிரொலிக்காது.

தஸ்ஸீன் டீயைக் குவளைக்குக் குவளை மாற்றி நுரைகட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவரு எப்பவும் பின்வாசிப்புத்தாண்ணே, முன்ன வாசிக்கிறவங்களுக்குத் துணையா," என்றாள். செத்தவர் பெயரை அந்தப் பக்கத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். "கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வண்டியில திரும்பினாங்க. இவரு வண்டி மணல்ல நின்னுபோச்சு. முன்வண்டிக்காரங்க, பின்னாலயே வருவான்னு நெனச்சு போயிட்டாங்க. தேடிப் போனப்ப, இத மடியில வெச்சு உக்காந்திருந்தாராம். தாகத்துல உதடெல்லாம் வெடிச்சு."

அமூத் டீயைக் கையில் வைத்திருந்தான். குடிக்கவில்லை.

"ஏன் விக்கிறே?"

"தூங்கணும்."

அவள் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தான். பேரம் பேச மனம் வரவில்லை.

கிட்டார் கடையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கல்யாணக் கோஷ்டி நடத்தும் கூமா வாங்கிப் போனான். கூமா அமூத்தின் மாமன் மகன். கேலி பேசாமல் அவனுக்கு வாய் மூடாது. ஆனால் மறுநாளே கிட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தபோது கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலிலேயே நின்றான்.

"மச்சான், எனக்கு நீ ஒரு கிட்டார் வித்தியா, ரெண்டு வித்தியா?"

"என்னடா ஆச்சு?"

"கல்யாணப் பந்தல்ல கைதட்டிக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நிறுத்திட்டாங்க. யாரு வாசிக்கிறான்னு தேடுறாங்க. நாங்க எல்லாரும் கைய எடுத்துட்டோம். அப்பவும் கேக்குது." கூமா முகத்துணியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டான். "நல்லாத்தான் வாசிச்சான். அதான் இன்னும் பயம். இத எங்கயாவது கொண்டுபோய்ப் புதைச்சிரு. தனிமைக்காரங்க சகவாசம் நமக்கு வேண்டாம்."

பாலைவனத்து ஆவிகளுக்கு அங்கே அதுதான் பெயர். தனிமைக்காரர்கள்.

"கொடுத்த காசு?"

"அத நீயே வெச்சுக்க. ஒரு நல்ல டீ வாங்கிக் குடி. உன் டீ ஆட்டு மூத்திரம் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு கூமா வேகமாகப் போய்விட்டான்.

அமூத் அதைப் புதைக்கவில்லை.

நடுப்பகலில் கடைத்தெரு முழுக்கக் கதவடைத்துத் தூங்கும். அந்த வேளையில் அவனும் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரை மடியில் எடுத்தான். தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்றது. முதல் சுற்று வாசித்தான்.

வந்தது.

இந்த முறை அவன் கையை எடுக்கவில்லை. அவன் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. தடுமாறினால் பொறுத்திருந்து தாங்கிக்கொண்டது. எத்தனையோ காலமாக அவனோடு சேர்ந்து வாசிக்க ஓர் ஆள் இல்லை. மெட்டு முடிந்தபோது அவன் கன்னம் நனைந்திருந்தது.

அதன்பிறகு கடை பாதி நாள் மூடியே கிடந்தது. டீக்கடைக்குப் போவது நின்றது. பள்ளிவாசலில் ஆட்கள் அவனைத் தேடினார்கள். ரொட்டி வாங்கினால் இரண்டாய் வாங்கினான். ஒன்று காய்ந்து கல்லானது.

ஒரு நாள் வாசித்து முடித்து ஒயரைக் கழற்றப் போனான்.

ஒயர் செருகப்படவே இல்லை.

பெட்டி அணைந்து கிடந்தது.

இன்னொரு நாள் தண்ணீர் பிடிக்கத் தெருக்கோடிக்குப் போனவன், கடையிலிருந்து அந்தத் தாளம் தானாகத் தொடங்குவதைக் கேட்டான். குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு ஓடினான். கதவைத் தள்ளி உள்ளே விழுந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பயந்து விலகி ஓடவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்திருக்கிறான். அன்றைக்குத்தான் அவன் உண்மையிலேயே பயந்தான்.

தஸ்ஸீன் வந்தது அந்த வாரத்தில்தான். அவள் தம்பி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான். தூங்கியவளின் முகம் இல்லை அது.

"தூக்கம் வந்துச்சா?" என்றான் அமூத்.

"வந்துச்சுண்ணே. மொத ராத்திரி நல்லாத் தூங்கினேன். முழிச்சுப் பாத்தா வீடு காலியா இருந்துச்சு." முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள். "கிட்டாரத் திருப்பிக் குடுத்துருங்க. சத்தம் இருந்தாத் தேவல. சத்தமே இல்லாத வீட்டுல எப்படி இருக்குறது?"

"காசு வேண்டாம். எடுத்துக்க."

"ஒரு தரம் வாசிங்க." குரலைத் தாழ்த்தினாள். "இருக்காரான்னு பாக்கணும்."

அமூத் உட்கார்ந்து அதே கல்யாண மெட்டை எடுத்தான்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி வாசித்தான். அவன் கிட்டார் மட்டும் ஒற்றையாய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. தஸ்ஸீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் கடை மூலைகளை ஒவ்வொன்றாய்த் தேடின.

"வெக்கப்படுவாரு," என்றாள் கடைசியில். "வெளி ஆளுங்க முன்னால பேசவே மாட்டாரு. வீட்டுக்கு வந்தா சரியாயிரும்."

கிட்டாரைத் துணியில் சுற்றி, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனாள். வண்டி புறப்படும் சத்தம் கேட்டது.

அமூத் பெருமூச்சு விட்டான். தொலைந்தது என்று இருந்தது. நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கிப் போட்டதுபோலவும் இருந்தது.

அப்போது சுவரில் கேட்டது.

விலைச்சீட்டுகூடக் கிழிக்காத வேறொரு கிட்டார் ஆணியில் தொங்கியது. அதன் கம்பிகள் அசைந்தன. அவன் சற்றுமுன் வாசித்த மெட்டுக்குப் பின்வாசிப்பு, முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சுரம் பிசகாமல்.

அமூத் வாசலுக்கு ஓடினான். வண்டி தெருமுனையில் ஒரு கழுதைவண்டிக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. தஸ்ஸீனின் தோளும் அதில் சாய்ந்திருந்த துணி மூட்டையும் தெரிந்தன. ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தான்.

பின்னால் வாசிப்பு நின்றது. காத்திருந்தது.

கழுதைவண்டி கடந்து போனது. வண்டி திரும்பி மறைந்தது. அமூத் வாயை மூடிக்கொண்டு கதவையும் உட்புறமாய்ச் சாத்தினான்.

கொஞ்ச நாள் கழித்து கூமா அந்தப் பக்கம் வந்தான். கடை மூடியிருந்தது. உள்ளே இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு அருமையாகக் கேட்டன. மச்சானுக்கு நல்ல ஜோடி கிடைத்துவிட்டது என்று கூமாவுக்குச் சந்தோஷம். கதவைத் தட்டினான்.

"யாருடா உள்ள? எங்களுக்கும் கொஞ்சம் காட்டு, மச்சான்."

வாசிப்பு நிற்கவில்லை. தாழ் விலகியது.

அமூத் நின்றான். மெலிந்து உதடு வெடித்திருந்தது. ஒரு கை தாழ்ப்பாளில், மறு கை நிலைப்படியில்.

அவன் முதுகுக்குப் பின்னால், இருட்டில், இரண்டு கிட்டார்களும் வாசித்துக்கொண்டிருந்தன.

"மெதுவாப் பேசு மச்சான்," என்றான் அமூத். "பாட்டு பாதியில இருக்கு."