உலையில் வெந்த வெண்பா

வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எங்கக்காவை உயிரோட இருந்தப்போ வாயைத் திறக்க விடல, சார். இப்போ அவ பாட்டைத் திருடி, அவ சமாதிக் கல்லுலயே தன் பேர்ல வெட்டப் போறான் அந்தாளு! ரெண்டாவது அடியை மாத்திட்டான். அசல் எனக்குத் தெரியும், அது..."

"சொல்லாதீங்க!" துப்பறிவாளர் காதைப் பொத்திக்கொண்டார். "என் மச்சான் காதுல போடுங்க. நானா கண்டுபிடிச்சாத்தான் எடுபடும்."

மச்சான் கேட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மாலையில் மூவரும் 'அந்தாளு' வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ரகசியத்தைப் பல்லைக் கடித்துக் காத்தான்.

'அந்தாளு' என்பவர் அக்காவின் கணவர், கவிப்பேரலை. பட்டத்தைத் தானே தேர்ந்து, தானே மேடை போட்டு, தானே சூடிக்கொண்டவர். தன் வீட்டுக் கூடத்தில், கல் செதுக்குபவர் முன்னால், தழுதழுத்து வாசித்தார்:

உலையில் அரிசியாய் ஓயாமல் வெந்தேன்;
கண்ணே, பிரிவே சுமை.

"அருமை! ஒரு டீ கிடைக்குமா?" என்றார் துப்பறிவாளர்.

பேரலை சமையலறையில் அலமாரி அலமாரியாகத் திறந்து மூடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"முதல் அடி சுத்தத் தங்கம்," என்றார் துப்பறிவாளர். "ரெண்டாவதுல 'கண்ணே'ன்னதும் தளை தட்டுது. 'வெந்தேன்' மாச்சீர், அடுத்தது நிரையில தொடங்கணும். 'உலை'க்கு எதுகையும் காணோம். அதை எழுதின கை இதை எழுதாது."

"துக்கத்துல தட்டும்யா!"

"துக்கமா? ஓயாம வெந்தது வருஷக்கணக்கான கோபம். டீத்தூள் இருக்கிற இடம் தெரியாதவர் எந்த உலையில வெந்தார்? வெந்தவ உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா. நிரையில தொடங்கி, ரெண்டாவது எழுத்து 'லை' வர்ற விளி... 'தலைவா'. கடைசிச் சொல்லுக்கு 'த'வோட மோனை 'ச'. கோபக்காரி தலைவனுக்குச் சொல்ல 'ச'வுல ஒரே சொல்தான் இருக்கு: 'சமை'."

"அதேதான், அத்தான்!" மச்சான் துள்ளினான். "நடுவுல ஒண்ணுதான் பாக்கி!"

தங்கை எழுந்தாள். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் குரலில் ஏறியது.

"தலைவா, பசித்தால் சமை!"

செதுக்குபவர் கல்லில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த பேரலையின் பெயரைத் துண்டால் துடைத்தார். "உங்க அக்கா பேரைச் சொல்லும்மா."

"இது என் வீடு!" பேரலை கத்தினார். "சாப்பிடுற நேரத்துல வந்து... எல்லாரும் வெளிய போங்க!"

"போறோம்," என்றாள் தங்கை. "அடுப்பு அந்தப் பக்கம், மாமா."