பூஜ்யம் ப்ரஷரில் ஒரு மரணம்

செல்போன் அலறியது.

"ஏனுங்க ஆஷா... உங்க பொட்டி ஒரு ஆளைக் கொன்னு போட்டுச்சுங்க!"

பேசியது முருகேஷ். சாமளாபுரம் ரோட்டுச் சாயப்பட்டறையின் மேனேஜர்.

ஆஷா போய்ச் சேர்ந்தபோது சாய மெஷினின் மூடி திறந்து கிடந்தது. தரையெல்லாம் கருநீலம். நடுவே, வெள்ளைத் துணிக்கு அடியில் ஆபரேட்டர் ராமர்... கொதிக்கும் சாயம் பீறிட்டு முகத்தில் அடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் சித்ராதேவி கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

"மெஷினோட ப்ரஷரை அளந்து இங்கே அனுப்புறது நீங்க செஞ்ச பெட்டிதானே?"

"ஆமா மேடம். செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை அளக்கும்."

"மூடி திறந்த நேரத்துல ப்ரஷர் பூஜ்யம்னு காட்டுது. அலாரமும் அடிக்கல. கேஸ் உங்க மேலதான் வரும்!"

"கம்பெனிப் பொட்டியே வாங்கியிருக்கோணும் மேடம். சொந்தமாச் செஞ்சு தர்றேன்னாங்க..." முருகேஷ் உச்சுக் கொட்டினார்.

மூலையிலிருந்த ராமரின் மனைவி ராமுத்தாய் வெடித்தாள்.

"உன்னய நம்புனாரேடி! 'ஆஷா பாப்பா பெட்டி இருக்கு, பயமில்ல'ம்பாரே!"

ஆஷா திரையிலிருந்த பூஜ்யத்தை மறுபடி பார்த்தாள். நிஜமாகவே என் பெட்டிதானா..?

மெஷினுக்குப் பின்னால் ஓடினாள். குனிந்தாள்.

அதிர்ந்தாள்!

பெட்டியில் சிவப்பு விளக்கு. நெட்வொர்க் கேபிள் கழன்று தொங்கியது.

"மேடம்... கேபிள் இல்லாம திரைக்கு அளவு எப்படிப் போச்சு?"

முருகேஷ் முந்திக்கொண்டார்.

"கூட்டத்துல யாரு காலாச்சும் பட்டிருக்குமுங்க."

"இருக்கலாம். மாட்டிப் பாத்துருவோம்."

"பாக்க என்னங்க இருக்குது? கம்பியைப் பிடுங்குனா கேமராவே நின்னு போவுது!"

"இது கேமரா இல்ல சார். அனுப்புன அளவு வந்து சேந்துச்சுன்னு கம்ப்யூட்டர்லேர்ந்து பதில் வரணும். வராத வரைக்கும் பெட்டி எதையும் அழிக்காது. திருப்பித் திருப்பி அனுப்பும்!"

சொருகினாள்.

விளக்கு பச்சையானது. தேங்கிக் கிடந்த அளவுகள் திரையில் கொட்டின. கோடு ஏறியது... ஏறியது... உச்சியில் நின்றது!

"மூடி திறந்தப்ப உள்ளே முழு ப்ரஷர்! நீங்க பாத்த பூஜ்யம் பழைய பதிவு. யாரோ எடுத்து ஒட்டியிருக்காங்க. ப்ரஷர் இருந்தா மூடியோட லாக் திறக்காது மேடம்... சாவி போட்டு விடுவிச்சிருக்காங்க. அதுவும் இதுல இருக்கு."

"சாவி யார்கிட்ட?"

எல்லோர் பார்வையும் முருகேஷின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தில் போய் நின்றது.

முருகேஷ் சாவிக்கொத்தைக் கையால் மூடினார்.

"சாயம் சரியாப் புடிச்சிருக்கான்னு ஷேடு பாக்கத் துணுக்கு வெட்டோணுமுங்க... துணி வாங்குற பையரு ஆபீஸ்ல உக்காந்திருந்தாரு. ஆறட்டும்னான் ராமரு. ப்ரஷர் எறங்கிருச்சு, தொறன்னு நாந்தான்... கேபிளைக் கழட்டிட்டா மொதலாளி போனுக்கு அலாரம் போவாதுன்னு... அப்புறம் பயந்துபோயி, பழைய பதிவை எடுத்து ஒட்டுனதும் நாந்தானுங்க..."

ராமுத்தாய் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சொல்லிட்டேனுங்களே மேடம்... இன்னும் ஸ்டேஷனுக்கு எதுக்குங்க?"

சித்ராதேவி ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"நாங்களும் ஆஷா பெட்டி மாதிரிதான் முருகேஷ். முழுப் பதில் வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேப்போம்... ஏறுங்க!"