நேர் கீழே நின்ற முள்

மெத்தை அமுங்கியதில்தான் கலைமதிக்கு விழிப்புத் தட்டியது. புருஷன் எழிலரசன் வேலை முடிந்து வந்து பக்கத்தில் படுத்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால் அந்த இரும்புக் கதவைத் திறந்தால் தரையில் உரசித் தெருவையே எழுப்புமே, அந்தச் சத்தம் காதில் விழவில்லை. அவ்வளவு அசந்தா தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அசராமல் என்ன செய்வாள், பாவம். ராத்திரி முழுக்க நின்றபடியே செல்போன் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. விடிந்து கம்பெனி பஸ் வல்லக்கோட்டையில் இறக்கிவிடும்போது கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். அதற்குள் அவன் பகல் ஷிஃப்டுக்கு ஒரகடம் கிளம்பியிருப்பான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து, விளக்குப் போடாமல், குளிக்காமல்கூட அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சாய்வான். பிறகு எழுப்புவான். அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இரண்டு பேருக்கும் குடித்தனம்.

பகலில் தூங்க வேண்டுமே என்று ஜன்னலை அட்டைப்பெட்டி வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு. விழித்துப் பார்த்தால் கடிகாரத்தில் ஆறு மணி. அது காலை ஆறா, மாலை ஆறா? ராத்திரி வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. போன மாதம், எழிலரசன் ஓவர்டைமில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், விடியற்காலைதானே என்று திரும்பிப் படுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது. "இன்னொரு வாட்டி பஸ்ஸ வுட்டா, அப்பறம் நீ வரவே வாணாம்மா," என்றார் சூப்பர்வைசர்.

அதற்காகத்தான் எழிலரசன் இந்தக் கைக்கடிகாரத்தை வாங்கி வந்தான். வட்டத்தில் இருபத்து நான்கு மணியும் போட்டிருக்கும். முட்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும்.

"மேல இருபத்தினாலு, நடுராத்திரி. கீழ பன்னெண்டு, உச்சி வெயிலு. பெரிய முள்ளு எப்பவும் போலத்தான். சின்ன முள்ளு மட்டும் நாளைக்கு ஒரே சுத்து."

"அப்ப சாயங்காலம் ஆறு?"

"இடது பக்கம். பதினெட்டுன்னு போட்டுகீது பாரு."

"சூரியன் தலைக்கு மேல நிக்கும்போது முள்ளு கீழ நிக்குமா? உன்ன மாதிரியே கோணலா கீது."

"உனக்குன்னே தேடிப் புடிச்சேன்டி."

இப்போது மணிக்கட்டை முகத்தருகே கொண்டுவந்தாள். இருட்டில் எண்கள் தெரியவில்லை. பெரிய முள் நேர் மேலே. சின்ன முள் நேர் கீழே. சின்ன வயதிலிருந்து பழகிய கண், தூக்கம் கலையாத கண், ஆறு மணி என்று சொன்னது. சரிதான், அவன் வருகிற நேரம்.

"எழிலு, இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?"

"ம்," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு கை அவள் இடுப்பின் மேல் விழுந்தது. அலுத்துப்போன கை. கல்லைப் போலக் கனத்தது.

அவன்மேல் எப்போதும் மெஷின் எண்ணெய் நாற்றம் அடிக்கும். இன்றைக்கு இல்லை. ஈயம் பற்ற வைக்கிற புகை வாசம் அடித்தது. அது அவளுடைய லைனில் அடிக்கிற வாசம். என் தலைமுடியில்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கண்ணை மூடினாள்.

தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஜன்னல் அட்டையின் இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் தரையில் கிடந்தது. வெள்ளையாக. சாயங்கால வெயில் மஞ்சளாக அல்லவா இருக்கும்.

மறுபடி மணிக்கட்டைப் பார்த்தாள். சின்ன முள் நேர் கீழே.

கீழே என்றால்.

உச்சி வெயில்.

அவன் இப்போது ஒரகடத்தில் இருப்பான்.

இடுப்பின் மேலிருந்த கை அசையவில்லை. பிடரியில் மூச்சு பட்டது. சில்லென்று. சீராக.

தலைமாட்டில் போன் அதிர்ந்தது. திரையில் எழிலரசன் பெயர். விரலால் தொட்டுக் காதில் வைத்தாள். தட்டுகள் மோதும் சத்தம், கேன்டீன் இரைச்சல்.

"கலை, சாப்பாட்டு பெல் அடிச்சிட்டான். சும்மாதான் பண்ணேன். தூங்கிக்கினு கீறியா?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"தூங்கிக்கினுதான் கீறேன்," என்றது அவளுடைய குரல். அவள் வாயிலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னாலிருந்து.

"இன்னாடி, குரலே ஒரு மாதிரி கீது?"

"அலுப்பு. வெச்சிடு."

"சரி, தூங்கு. வந்து எழுப்பறேன்."

இணைப்பு அறுந்தது. வெளிச்சம் இன்னும் அணையாத போனோடு, கலைமதி மெல்லத் திரும்பினாள்.

அவள் முகம்தான். கண்ணுக்குக் கீழே அதே கருவளையம். கண்கள் மூடியிருந்தன. நல்ல தூக்கம். உதடுகள் மட்டும், பேசி முடித்த பிறகும், சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

போன் அணைந்தது.

இருட்டில் அந்தக் கை அவள் தலையைத் தேடிப் பிடித்துத் தலையணையில் அழுத்தியது. பிறகு, கைக்குழந்தையைத் தூங்க வைப்பதுபோல, மெதுவாகத் தட்டத் தொடங்கியது.